பால்குடப் பட்டியலும் ஒரு சந்தேகப் பிராணியும்

மாரியம்மன் கோவில் அலுவலகம்,
செர்டாங்.
10 மே

அன்பு மருமகன் லோகேஸ்வரனுக்கு, மாமா பரஞ்சோதியின் ஆசிகள். நானும் உன் அத்தையும் சுகம். கோவில் கணினி மட்டும் சுகமில்லை. போன் செய்தால் "மீட்டிங் மாமா" என்கிறாய், குரல் பதிவு அனுப்பினால் முழுதாகக் கேட்பதில்லை. ஆகவே, முப்பத்தோரு வருடம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவனுக்குத் தெரிந்த வழியில், கடிதம் அடித்து, அச்செடுத்து, படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசி வரை படி.

இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை பால்குடம். நூற்று நாற்பத்து மூன்று பேரின் பெயர், நட்சத்திரம், போன் நம்பர் எல்லாம் நாளை மதியத்துக்குள் அலோர் ஸ்டார் அச்சகத்துக்குப் போனால்தான் குடத்தில் கட்டும் அட்டைகள் நேரத்துக்கு வரும். போன வருடம் என் கையெழுத்தில் பட்டியல் போய், கலைமகளின் குடத்தில் 'காளிதாசன்' என்று அட்டை தொங்கியது. அந்தச் சிரிப்பு அடங்காமல்தான் பெயர் பதிந்து அனுப்பும் இந்தக் கணினி நிரலை நீ எழுதித் தந்தாய். பதிவு சென்ற சனிக்கிழமை, பத்தாம் தேதியோடு முடிந்தது; நிரல் தானே கதவைச் சாத்திக்கொண்டது. மகன் ஆபரேஷனுக்கு நேர்ந்துகொண்ட மருதம்மாள் நேற்றுத்தான் ஓடி வந்தாள். அவளையும் சேர்த்துவிட்டேன். எப்படி என்பது இருக்கட்டும்.

அதற்குப் பிறகு 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் உன் நிரல் முரண்டு பிடிக்கிறது. நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: இணைப்புக்குப் பூட்டு உண்டு, அந்தப் பக்கம் இருப்பது அச்சகம்தான் என்று சான்றிதழ் காட்டினால்தான் பூட்டு திறக்கும். சரி, அச்சகமும் காட்டுகிறது. உன் நிரலோ, "இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்கிறது. அச்சகம் தொடங்கி இருபது வருடம் ஆகிறது, தம்பி. உன் கல்யாணப் பத்திரிகையே அங்கே அடித்ததுதான்.

அதனால் நானே அமைப்பைத் திறந்து பார்த்தேன். காத்திருக்கும் நேரம் பத்து நொடி என்று வைத்திருந்தாய். உன்னைப் போலவே அவசரம். அறுநூறாக்கினேன். ஆனாலும் அது ஒரு நொடியிலேயே மறுத்தது. அடுத்து, இந்தப் புதிய பதிப்புப் பூட்டுடன் மட்டும் பேசு என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பழையவர்களுக்கும் மரியாதை வேண்டாமா என்று ஆகப் பழையதற்கு இறக்கினேன். இப்போது அந்தப் பக்கம் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டையும் நீ வைத்தபடியே வைத்துவிட்டேன், பயப்படாதே.

கைப்பேசிக் கடை தேவன் வந்து, சான்றிதழ் சரிபார்ப்பை நிறுத்திவிட்டால் உடனே போய்விடும், ஒரே ஒரு சொல்தான் மாற்ற வேண்டும் என்றான். உண்மையைச் சொல்கிறேன், விரலை வைத்துவிட்டேன். மருதம்மாள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். சரிபார்ப்பு என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன்.

"போன வருசம் ஒருத்தன் போலீஸ்னு போன் பண்ணான் கிராணி," என்றாள். "யாருனு கேக்காம எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்களாச்சும் கேட்டுட்டு குடுங்க லா."

விரலை எடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவளுக்கு அட்டை வராவிட்டால் நான் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பேன்? எனவே உன் நிரலுக்கு ஊர் உலகத்தை நம்பக் கற்றுக்கொடு. இவ்வளவு சந்தேகம் நம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. குற்றம் முழுக்க உன்னுடையது.

அம்மன் உனக்கு நல்ல உடம்பையும், மீட்டிங் இல்லாத ஒரு நாளையும் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
பரஞ்சோதி

பி.கு.: இதைக் கையால் எழுதுகிறேன். அச்செடுத்த பிறகுதான் மேலே கணினி போட்ட தேதியைப் பார்த்தேன். இன்று பதினைந்து. மருதம்மாளைச் சேர்க்க நேற்றுக் கணினியின் தேதியை ஒன்பதுக்குத் தள்ளி வைத்தவன் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். அச்சகம் பன்னிரண்டாம் தேதிதான் சான்றிதழைப் புதுப்பித்ததாம். நேற்று ஒன்பது என்றால் கணினிக்கு இன்று பத்துதானே, அதற்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். தேதியைச் சரி செய்தேன், பட்டியல் உடனே போய்விட்டது. நீ எதையும் மாற்ற வேண்டாம். ஒன்று மட்டும்: மருதம்மாள் ஒன்பதாம் தேதியே பதிந்ததாகப் பட்டியலில் இருக்கிறது. கோவில் தலைவர் அழகேசன் போன் செய்து கேட்டால், நிரலில் ஒரு சின்னக் கோளாறு என்று சொல். மீட்டிங் என்று சொல்லித் தப்பித்துவிடாதே.