ரோடு இல்லாத ஞாயிற்றுக்கிழமை

வருகிற ஞாயிற்றுக்கிழமை வானமே இடிந்து விழுந்தாலும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று திருச்செல்வம் சபதம் எடுத்தார். சபதம் எடுத்தது புதன்கிழமை. எடுத்த இடம் போர்ட் கிள்ளானில் அவர் வேலை பார்க்கும் கிடங்கு. அங்கே கண்டெய்னர்கள் வரும், போகும். இவர் மட்டும் நின்றுகொண்டே இருப்பார். ஷிப்ட் சூப்பர்வைசர் என்று பெயர். ஒரு வாரம் பகல், மறு வாரம் ராத்திரி என்று மாற்றி மாற்றி நின்றதில் மனிதர் உட்கார்ந்தால் தூக்கம், சாய்ந்தால் குறட்டை என்ற நிலைக்கு வந்துவிட்டார். பல் டாக்டரின் நாற்காலியில், வாயைத் திறந்தபடியே தூங்கிப்போன ஒரே ஆள் கிள்ளானில் அவராகத்தான் இருக்கும்.

சபதத்துக்குக் காரணம் வீட்டு வாசலில் நின்றது. பச்சை நிறம். ஆளுயரம். சக்கரங்களைப் பார்த்தால் டிராக்டரிடம் கடன் வாங்கியது மாதிரி இருக்கும். ஏறுவதற்குள் பாதி நாள் களைப்பு வந்துவிடும். பழைய ஃபோர் வீல் வண்டி.

வாங்கியவர் திருச்செல்வம் இல்லை. அவர் மனைவி சீதாலெட்சுமி.

சீதாலெட்சுமி ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். அவர்கள் குடியிருக்கும் தாமானில் ‘வேன் அக்கா’ என்றால் பிள்ளைகளைவிட அம்மாமார்கள்தான் அதிகம் பயப்படுவார்கள். ஹாரன் சத்தம் கேட்டதும் ஒரு கையில் இன்னும் காலில் மாட்டாத சப்பாத்தும் ஒரு கையில் பிள்ளையுமாக ஓடி வருவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது.

“எத்தனை வருஷமா அதே ரோட்டுல ஓட்டிக்கிட்டு இருக்கேன்? அதே சிக்னல், அதே ரவுண்டபவுட், அதே ஜேம். ஒரு நாளாச்சும் ரோடே இல்லாத எடத்துல ஓட்டணுங்க.”

“ரோடு இல்லாத எடத்துல எதுக்கு ஓட்டணும்? கவர்மெண்டு பாடுபட்டு ரோடு போட்டிருக்கு. அது மனசு நோகாதா?”

“ஹூலு லங்காட் பக்கம் காட்டுக்குள்ள போறோம். ஆறு, சேறு, மேடு எல்லாம் இருக்காம். ஒரு குரூப் இருக்கு. ஞாயித்துக்கெழம காலையில கெளம்பணும்.”

“போறோம்னா?”

“நானும் நீங்களும்தான்.”

“நான் எதுக்கு?”

“வண்டிக்கு ரெண்டு ஆள் வேணுங்க. சேத்துல மாட்டுனா ஒருத்தர் ஸ்டீரிங்கைப் புடிக்கணும், ஒருத்தர் எறங்கணும்.”

யார் பிடிப்பது, யார் இறங்குவது என்று திருச்செல்வம் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற அளவுக்கு அவர் மக்கு இல்லை.

கிடங்கில் நின்றபடியே யோசித்தார். காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் அதற்குக் கருவி இருக்கிறது. கக்கத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். தலைவலிக்கு மாத்திரை இருக்கிறது. வயிற்றுவலி என்றால் கஷாயம் வரும். இடுப்புப் பிடிப்புக்குத்தான் ஒன்றும் கிடையாது. வலிக்கிறது என்றால் வலிக்கிறதுதான். எந்த டாக்டரும் எட்டிப் பார்த்துப் பொய் என்று சொல்ல முடியாது.

கிடங்கின் கழிவறையில் ஒத்திகை பார்த்தார். ஒரு கையை இடுப்பில் வைத்து, கண்ணை மூடி, “ஆ… ஆ…” என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தார். வெளியே யாரோ கதவைத் தட்டி, “போஸ், ஓகே ஆ?” என்று கேட்டார்கள். நடிப்பு தேறிவிட்டது என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வாசற்படியிலேயே ஆரம்பித்தார்.

“என்னங்க ஆச்சு?”

“இடுப்பு… புடிச்சிக்கிச்சு சீதா.”

“எந்தப் பக்கம்?”

இதை அவர் யோசித்திருக்கவில்லை. “ரெண்டு பக்கமும். நடுவுலயும் கொஞ்சம்.”

“அய்யோ. அப்ப ஞாயித்துக்கெழம?”

“நான் எப்படியாச்சும் வந்துடறேன். நீ ஆசைப்பட்டுட்ட. வலிதானே, போனா போகுது.”

இந்த வசனத்தைச் சொன்னபோது அவருக்கே கண் லேசாகக் கலங்கியது.

“வேணாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க. குரூப்ல யாரையாச்சும் ஏத்திக்கிறேன்.”

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. வாக்குவாதம் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு லேசாக ஜெயித்துப் பழக்கமில்லாததால், ஜெயித்ததுகூட திருச்செல்வத்துக்குக் களைப்பாக இருந்தது. படுத்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமையைத் திட்டம் போட்டார். காலையில் தூக்கம். எழுந்து, கடையில் ரொட்டி சானாய் தப்பாவ் கட்டி வாங்கித் தின்பது. பிறகு தூக்கம். மத்தியானம் மழை வந்தால், மழைச் சத்தத்தில் இன்னொரு தூக்கம். அதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேண்டும்?

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சீதாலெட்சுமி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“இந்த இடுப்போட உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசே வரலைங்க. அதான் கார்த்திகேசு அண்ணனை வரச் சொல்லியிருக்கேன்.”

திருச்செல்வத்தின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

கார்த்திகேசு அவள் அண்ணன். பந்திங்கில் வீடு. ரிட்டையர் ஆன பிறகு வீடியோ பார்த்துப் பார்த்து நரம்பு வைத்தியர் ஆகிவிட்டவர். நோயாளிகள் எல்லோரும் சொந்தக்காரர்கள்தான். வெளி ஆள் என்றால் போலீசுக்குப் போய்விடுவான். தம்புசாமி சித்தப்பாவின் கழுத்துப் பிடிப்பை ஒரே திருப்பில் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து சித்தப்பா, வலது பக்கம் வண்டி வருகிறதா என்று சித்தியைக் கேட்டுத்தான் ரோட்டைக் கடக்கிறார்.

“எத்தனை மணிக்கு வர்றாரு?”

“விடியறப்பவே வந்துடறேன்னாரு. நாள் பூரா இருந்து பாத்துக்கிறாராம். எண்ணெய் காய்ச்சிக் கொண்டாறாரு. முதுகுல முட்டியை வச்சு ஏறி, ஒரே ஒரு அழுத்து. ‘டக்’னு சத்தம் வருமாம்.”

“என்ன சத்தம்?”

“அதை அவரு சொல்லலைங்க.”

திருச்செல்வம் கோப்பையைக் கீழே வைத்தார். மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சீதா.”

“ம்?”

“இப்ப கொஞ்சம் பரவால்ல மாதிரி இருக்கு.”

“அது அப்படித்தாங்க இருக்கும். வலி உள்ள ஒளிஞ்சிக்கும்னு அண்ணன் சொன்னாரு.”

“ஒளியல. போயிடுச்சு.”

“எழுந்திருங்க. குனிங்க.”

குனிந்தார்.

“நிமிருங்க.”

நிமிர்ந்தார்.

“நம்ப முடியலையே. எதையாச்சும் தூக்கிக் காட்டுங்க. அந்த ஐஸ் பெட்டியைத் தூக்கி வண்டியில வைங்க பாப்போம்.”

தூக்கினார். வைத்தார். “பாத்தியா?” என்றார்.

“ஐஸ் பெட்டி லேசுதான். அந்தத் தண்ணி டின்னு?”

தண்ணீர் டின் போனது. பிறகு கேஸ் அடுப்பு போனது. சேற்றில் சக்கரத்துக்கு அடியில் போடுகிற பலகைகள் போயின. மலைப்பாம்பு கனத்தில் ஒரு கயிறு போனது. ஒவ்வொன்றுக்கும் அவள் பக்கத்தில் நின்று, “வலிக்குதாங்க? வலிச்சா சொல்லிடுங்க, அண்ணனுக்குப் போன் போடறேன்” என்று கேட்டாள். மூச்சு வாங்க வாங்க அவர், “வலிக்கல… வலிக்கவே இல்ல” என்றார். கடைசியாக ஸ்பேர் டயரை ஏற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தால், வாசல் காலியாக இருந்தது. வண்டி நிறைந்திருந்தது.

“நெசமாவே குணமாயிடுச்சு,” என்றாள் சீதாலெட்சுமி திருப்தியாக. “இவ்வளவு ஆசையா வர்றேங்கறப்ப நான் தடுக்கக் கூடாது. அண்ணனை வர வேணாம்னு சொல்லிடவா?”

“சொல்லு. இப்பவே சொல்லு.”

அவள் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். “ஆமாண்ணே… நல்லாயிட்டாருண்ணே… எண்ணெய வீணாக்காதீங்கண்ணே…” என்று குரல் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே திருச்செல்வம் நாற்காலியில் தூங்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக சீதாலெட்சுமி ஸ்டீரிங்கின் முன் உட்கார்ந்தபோது, படைக்குப் புறப்படுகிற ராணி மாதிரி இருந்தாள். பக்கத்தில் திருச்செல்வம் தோற்ற படையின் சிப்பாய் மாதிரி இருந்தார். காட்டு முனையில் குரூப்பின் வண்டிகள் நின்றன. ராஜன் என்ற இளைஞன்தான் தலைவன்.

“வாங்கக்கா! அங்கிளும் வந்துட்டாரா? சூப்பர் லா. அங்கிள், மேல கைப்பிடி இருக்கு பாருங்க, அதை விடவே விடாதீங்க.”

ரோடு முடிந்தது. அதற்கப்புறம் நடந்ததைத் திருச்செல்வத்தால் வரிசையாகச் சொல்ல முடியாது. ஒரு நேரம் வானம் தெரிந்தது, மறுநேரம் தரை தெரிந்தது. நடுவே ஒரு மரம் சன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குடல் இருந்த இடத்தில் நுரையீரலும், நுரையீரல் இருந்த இடத்தில் காலையில் சாப்பிட்ட இட்லியும் இருந்தன. இத்தனையிலும் ஒரு கொட்டாவி வந்தது. அதை விடுவதற்குள் அடுத்த பள்ளம் வந்து வாயை மூடிவிட்டது.

ஒரு மேட்டின் அடியில் வண்டி நின்றுவிட்டது. சக்கரங்கள் சுற்றின, வண்டி நகரவில்லை.

“மாட்டிக்கிச்சு,” என்றாள் சீதாலெட்சுமி. அதைவிடச் சந்தோஷமாக ஒரு செய்தியை அவள் சொல்லி அவர் கேட்டதில்லை.

மேட்டின் மேலிருந்து ராஜன் கத்தினான். “அங்கிள், எறங்குங்க லா! கயித்தை முன்னாடி கொக்கியில மாட்டிவிடுங்க, நான் இழுக்கறேன்!”

இறங்கினார். முழங்கால் வரை சேறு. ஒரு சப்பாத்தைச் சேறு எடுத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. தட்டுத் தடுமாறிக் குனிந்து கொக்கியில் கயிற்றை மாட்டி, வெற்றியோடு நிமிரப் போனார். அப்போதுதான் இடுப்பில் ஏதோ ஒன்று ‘சுளீர்’ என்றது. சத்தியமாக, நிஜமாகவே பிடித்துக்கொண்டது. இடது பக்கம்.

“ஆ” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதோடு எண்ணெயும் முட்டியும் ஞாபகம் வந்தன. அந்த ‘ஆ’வை அப்படியே விழுங்கிவிட்டுப் பல்லைக் காட்டினார்.

“ஏன் அங்கிள் சிரிக்கிறீங்க?”

“சந்தோஷம் தம்பி.”

இல்லாத வலிக்கு முனகுவது சுலபமாக இருந்தது. இருக்கிற வலிக்குச் சிரிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

கயிறு விறைத்தது. எஞ்சின் உறுமியது. ஒரு வண்டிச் சேறு திருச்செல்வத்தின் மேல் விழுந்தது. பச்சை வண்டி அசைந்து, மூச்சுப் பிடித்து, மேட்டில் ஏறிவிட்டது. மேலேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது. யாரோ சின்னப் பெண் கத்துகிறாள் என்று நினைத்தார். சீதாலெட்சுமிதான். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆற்றங்கரையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். மற்றவர்கள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். சீதாலெட்சுமி அவர் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒன்றை எடுத்தாள்.

“சட்டையைத் தூக்குங்க. இடது பக்கந்தானே?”

“எப்படித் தெரியும்?”

“இடது பக்கம் சாஞ்சே நடக்கறீங்க. நெசமா வலிச்சா ஒரு பக்கந்தாங்க வலிக்கும்.”

அவர் சட்டையைத் தூக்கினார். அவள் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தடவிவிட்டாள். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வாரத்துல ஆறு நாளு உங்க சாப்பாட்டு டப்பாவைப் பாக்கறேன். ஏழாவது நாளு உங்க முதுகைப் பாக்கறேன். மொகத்தைப் பாக்கணும்னா இப்படி எங்கேயாச்சும் ஏத்திக்கிட்டு வந்தாத்தான் உண்டு.”

திருச்செல்வம் தண்ணீரில் காலை விட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தும் அவருக்குத் தூக்கம் வராதது அன்றைக்குத்தான்.

“அடுத்த தடவையும் நான் வரேன் சீதா,” என்றார்.

“வாக்கு மாற மாட்டீங்களே?”

“மாற மாட்டேன்.”

திரும்பும் வழியில், தார் ரோடு வந்ததும் போனுக்கு உயிர் வந்தது. உடனே அடித்தது. கார்த்திகேசு.

“மாப்ள! நல்லா இருக்கீங்களா? பேரன் பொறந்திருக்கான்னு பினாங்கு வந்தேன், ஒரு மாசமா இங்கதான் இருக்கேன். உங்க ரெண்டு பேரு ஞாபகம் வந்துச்சு, அதான் அடிச்சேன்.”

“பினாங்குலயா? நேத்து சீதா உங்ககிட்ட பேசலையா மச்சான்?”

“இல்லையே. ஏன், என்னா விஷயம்?”

“ஒன்னுமில்ல. பேரனைக் கேட்டேன்னு சொல்லுங்க.”

போனை வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்தாள். கோபப்படலாம் என்று நினைத்தார். கோபப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது காட்டில் சப்பாத்தோடு போய்விட்டது.

“அப்ப நேத்து அடுக்களையில யார்கிட்ட பேசின?”

“உங்க இடுப்புகிட்டதாங்க. நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அது நல்லாக் கேக்குது.”

கிள்ளானுக்குள் நுழையும்போது அவளே ஆரம்பித்தாள்.

“பாவம், களைச்சுப் போயிட்டீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம நல்லாத் தூங்குங்க. நான் எழுப்பவே மாட்டேன்.”

அவர் மனம் அப்படியே இளகிவிட்டது. “நெசமாவா சீதா?”

“நெசமா. அடுத்த ட்ரிப்பு சனிக்கெழமதான்.”

திருச்செல்வம் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார். “அடடா, சனிக்கெழம எனக்கு வேலையாச்சே! வரணும்னுதான் ஆசை. ஆனா எங்க மேனேஜர் கமலநாதன் இருக்காரே, பொல்லாத மனுஷன். செத்தாத்தான் லீவு குடுப்பாரு.”

“அவரு மவ என் வேன்லதாங்க ஸ்கூலுக்குப் போறா. அவர்கிட்ட பேசிட்டேன்.”

“லீவு குடுத்துட்டாரா?”

“லீவு எதுக்குங்க? அவரே நம்ம வண்டியிலதானே வர்றாரு.”