என் பாட்டு இல்லாத என் ஆல்பம்

மரக்காணம்,
ஞாயிறு.

கிளியனூர் சம்பந்தி பஞ்சநாதன் அவர்களுக்கு, மேரிசெல்வியின் அப்பா சவரிமுத்து எழுதும் கடிதம். தங்கள் வீட்டில் அனைவரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கும் எல்லாரும் சுகம், மாப்பிள்ளை விஷயம் தவிர.

தங்கள் மகன் சித்தார்த்தன் ஆரோவில் ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டே சாக்ஸபோன் வாசிப்பது தாங்கள் அறிந்ததே. மாதா கோயில் திருவிழாவுக்கு நான் மெட்டுப்போட்ட பாட்டுகள்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். என்னைக் கௌரவிக்க ஒரு ஜாஸ் ஆல்பமே போட்டுவிட்டார். சந்தோஷம்தான். ஆனால் அட்டையில் என் போட்டோவைப் போட்டு, கீழே 'சவரிமுத்துவுக்கு அஞ்சலி' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். விடிந்ததும் என்னோடு உப்பளத்தில் வேலை செய்த ஐயப்பன் மாலையோடு வந்து, கதவைத் திறந்த என்னிடமே, "ஏம்பா, எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்டான். நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அலறினான்.

அது போகட்டும் என்று கோயில் பாடகர் குழுவை வீட்டுக்கு அழைத்து, பஜ்ஜியும் டீயும் கொடுத்து ஆல்பத்தைப் போட்டேன். சம்பந்தி, அதுல என் பாட்டு ஒண்ணுகூட இல்லீங்க. சாக்ஸபோன் ஒரு நேரம் லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி கத்துது, ஒரு நேரம் புஸ்ஸுனு வெறும் காத்துதான் வருது. குழுவில் பாடும் அருள்மொழி டீச்சர் எழுந்துபோய் ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் சாப்பிட வந்திருந்த மாப்பிள்ளையிடம், "என் மெட்டு எங்கங்க மாப்ளே?" என்று கேட்டேன்.

"மெட்டைத்தான் எல்லாரும் பாடிட்டாங்களே மாமா. நீங்க பாடுறப்ப நடுவுல மூச்சு வாங்குவீங்கல்ல, நான் அதைத்தான் வாசிச்சிருக்கேன்" என்கிறார்.

எனக்கு இருப்பது இளைப்பு வியாதி. அதைப்போய் ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டுவாரா? கோபத்தில், "என் பேரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு போனவர்தான். அதிலிருந்து மேரிசெல்வியும் போனை எடுப்பதில்லை. தாங்கள் பெரியவர். என் பெயரை எடுத்துவிடும்படி மகனிடம் தாங்களே பதமாகச் சொல்லவும்.

வீட்டு அம்மாவுக்கு என் வணக்கம். இந்தப் போகம் நெல் நன்றாக விளைய ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சவரிமுத்து

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன், இன்னும் நாலு குறை கண்டுபிடிக்கலாமென்று ஆல்பத்தை மறுபடி போட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி அமராவதி ஓடிவந்து, "இன்னாங்க, திரும்பவும் இழுக்குதா? மாத்திரை போட்டீங்களா?" என்று என் நெஞ்சைத் தடவினாள். இழுத்தது நானில்லை, சாக்ஸபோன். இத்தனை வருஷம் கூடவே படுத்து எழுந்தவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து கடைசிவரை கேட்டோம். ஆகவே பெயரை எடுக்க வேண்டாம். இனிஷியலை மட்டும் சேர்க்கச் சொல்லவும். மரக்காணத்தில் இன்னும் மூன்று சவரிமுத்து இருக்கிறார்கள்.