சங்கத்து ஆராய்ச்சியும் திருவெள்ளறை பஜ்ஜியும்

மன்னிப்புக் கேட்கும்படி நான் எதுவும் செய்துவிடவில்லை. பஜ்ஜி கொடுத்தார்கள், தின்றேன். கேள்வி கேட்டேன், பதில் சொன்னார்கள், எழுதிக்கொண்டேன். இதில் என் தப்பு எங்கே என்று இதுவரை யாரும் காட்டியதில்லை. (சிரிக்க மட்டும் சிரிக்கிறார்கள்.)

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, தென்னூரில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில் எங்கள் சமூக ஆராய்ச்சிச் சங்கம் நடந்துவந்தது. நாலைந்து காலேஜ் வாத்தியார்கள், இரண்டு வக்கீல்கள், மூன்று மாதத்துக்கொரு முறை இங்கிலீஷில் ஒரு பத்திரிகை. அதைப் படித்தவர்கள், எழுதியவர்களும் அவர்களுடைய மாமனார்களும்தான். எனக்கு மாமனார் இல்லை; நான் எழுதியதை நானே படித்துக்கொள்வேன். ஒருநாள் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லைப்ரரியில் உட்கார்ந்து எழுதியது போதும், யாராவது ஒரு கிராமத்துக்குப் போய் விசாரித்து எழுதாவிட்டால் பத்திரிகையை மூடிவிடலாம் என்றார். சங்கத்தைக் காப்பாற்றவே பிறந்தவன்போல் எழுந்து நின்றேன்.

ஸ்ரீரங்கத்தில் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, கஞ்சி போட்ட வேஷ்டியும் புதுக் கோட்டுமாகத் துறையூர் பஸ் ஏறித் திருவெள்ளறையில் இறங்கினேன். முதல் வீட்டில் நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, குழந்தைகள் எத்தனை பேர், பெண்ணுக்கு என்ன வயசு, நகை உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். அந்த வீட்டு மாமி பதிலுக்கு என் கோத்திரத்தைக் கேட்டார். விசாரிக்கப் போன இடத்தில் நம்மைப் பற்றியும் சொன்னால்தான் நம்பிக்கை பிறக்கும் என்று படித்திருந்தேன். கோத்திரம், நட்சத்திரம், சம்பளம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுத்த வீட்டில் நான் நுழையுமுன்பே ஜமக்காளம் விரித்திருந்தது. பஜ்ஜி, சொஜ்ஜி, காபி. ஒரு பெண் வந்து பாடிவிட்டுப் போனாள். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. பெண் பார்க்கும் வழக்கம் தெரியாதவனா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் படித்தவனுக்கு ஊர் காட்டும் மரியாதை இது என்று நினைத்தேன். (அந்த வயதில் தலைக்கனம் அவ்வளவு.)

கடைசி வீட்டில், தகப்பனார் தம் பசுக்களின் கணக்கை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, காபி கொண்டுவந்த பெண் டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"பசு மாமாவோடது. இந்த வளையல் பக்கத்தாத்து மாமியோடது. எனக்குப் பாட்டு வராது. இதையும் எழுதிக்கோங்கோ," என்றாள்.

ஊரெல்லாம் ஒருவிதமாகச் சொல்லும்போது ஒரு வீடு மட்டும் வேறுவிதமாகச் சொன்னால் அதைத் தள்ளிவிட வேண்டும் என்பது நான் கற்ற விதி. தள்ளிவிட்டேன்.

கட்டுரை அமர்க்களமாக அச்சேறியது. வீட்டுக்கு வீடு நகை, கறவை மாடு. பெண்கள் எல்லாரும் பாடுகிறார்கள். பிற்பகல் உணவு பஜ்ஜியும் சொஜ்ஜியும். ஆண்டுக் கூட்டத்தில் வாசித்தேன். ஒரே கைதட்டல். யாருக்காவது கேள்வி உண்டா என்றார் தலைவர். பின்வரிசையில் எழுந்தவர் திருவெள்ளறை முதல் வீட்டுக்காரர். என்னிடமிருந்து பதிலே வராததால் ஸ்ரீரங்கத்தில் தேடி, இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். பக்கத்திலிருந்த புண்ணியவான் அவருக்கு வரிவரியாக அர்த்தம் சொல்லியிருக்கிறார்.

"எல்லாம் நன்னா எழுதியிருக்கேள். எந்தாத்துப் பொண்ணு பிடிச்சிருக்குன்னு மட்டும் எழுதலையே," என்றார்.

மாடி அதிரச் சிரித்தார்கள். எனக்கு உயிர் போய்விட்டது. தலைவர் மட்டும் சிரிக்காமல், கட்டுரையை வாபஸ் வாங்கு, பத்திரிகையின் மானம் போகிறது என்று காதோடு சொன்னார். எனக்கு வந்ததே கோபம்.

"வாங்கறதா இல்லை சார். பொண்ணு பார்க்க வந்தவாகிட்ட உள்ளதை உள்ளபடி சொன்னவர் இந்தச் சபையில இருந்தா கை தூக்கட்டும். ஊரே சேர்ந்து ஒரே மாதிரி அளந்தா அதுவும் ஆராய்ச்சிதான்."

ஒரு கைகூட எழவில்லை. 'பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லும் கணக்கு' என்று தலைப்பிட்டு அதையே அடுத்த இதழுக்கு எழுதினேன். மாமனார் அல்லாதவர்களும் வாங்கிப் படித்த முதல் இதழ் அது. சங்கம் பிழைத்தது. அந்தக் கட்டுரைக்கு உண்மையான தகவல் ஒன்றாவது வேண்டுமே என்று கடைசி வீட்டுக்கு மறுபடி போயிருந்தேன். அப்படிப் போனதில்தான் எனக்கும் ஒரு மாமனார் கிடைத்தார்.

பங்கஜத்துக்கு இன்றைக்கும் பாட்டு வராது. வீட்டில் எல்லாரும் கூடி ஒரு முடிவெடுத்துவிட்டுக் கடைசியில் அவளைக் கேட்டால், "என்னை ஏன் கேக்கறேள்? நான்தான் தள்ளிவிட்ட வீடாச்சே," என்பாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் அவள் சொன்னபடிதான் நடக்கும். ஆனாலும் விதிப்படி நான் தள்ளியது சரிதான்.