முகம் மட்டும் கழுவிய மாப்பிள்ளை

என் ஆயுசில் நான் யாரிடமும் தோற்றதில்லை. பதுளைக் கடைவீதியில் என்னோடு விலை பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. (சந்தேகமிருந்தால் வந்து பேசிப் பாருங்கள்.) பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது இரண்டு மழைக்காலம்; மற்றதெல்லாம் சொந்த மூளை. அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு தடவை தோற்றேன். அதுவும் மனுஷனிடம் இல்லை, தண்ணீரிடம்.

முதல் உலகச் சண்டைக்கு முந்தின காலம். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை பார்த்தேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் பங்களாவே என் கையில் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் என் கையில் இருந்தது வெந்நீர்ப் பானை. விடிந்ததும் துரை சவரம் செய்ய ஒரு கூஜா வெந்நீர், சவரம் முடிந்ததும் ஒரு கூஜா பச்சைத்தண்ணீர், இரண்டையும் கொண்டுபோய் வைக்க வேண்டும். துரை வெந்நீரில் சோப்பு நுரைத்து மழிப்பார். கடைசியில் பச்சைத்தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அறைந்துகொள்வார். துவாலையால் ஒத்தி எடுப்பார். முகம் தேய்த்து வைத்த செம்பு மாதிரி மின்னும்.

இது ஏன் என்று பங்களா அப்புவைக் கேட்டேன். (அப்பு என்றால் சமையல்காரர், துரைக்கு அடுத்தபடி அவர்தான்.) வெந்நீரில் தோலின் ஓட்டையெல்லாம் திறந்துகொள்ளும், பச்சைத்தண்ணீர் பட்டால் மூடிக்கொள்ளும், அதனால்தான் துரைமார் முகம் கிழடு தட்டுவதில்லை என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன். இனி நாவிதர் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவதில்லை. நமக்கு நாமே துரை. துரை கழித்துப் போட்ட கத்தி ஒன்று என்னிடம் இருந்தது. கன்னத்தில் இரண்டு மாதம் பழகினேன். அந்த இரண்டு மாதமும் பார்த்தவர்கள் பூனை பிறாண்டியதா என்று கேட்டார்கள்.

அந்தத் தை மாதம் பெண் பார்க்கப் புறப்பட்டோம். பண்டாரவளைக்கு மேலே, பனிமூட்டம் விலகாத ஒரு தோட்டம். பெண்ணின் அப்பா அங்கே சில்லறைக் கங்காணி. இருபது முப்பது ஆளுக்குத் தலைவர், வார்த்தை தவறாதவர் என்று பேர். எனக்கு முன்னால் இரண்டு மாப்பிள்ளைகளைத் தேத்தண்ணியோடு திருப்பி அனுப்பியவர். எனக்கோ அப்பா அம்மா இல்லை, இருந்தது ஒரே தாய்மாமன். இந்த இடம் தவறினால் எனக்குப் பெண் கொடுக்க வேறு நாதியில்லை. அதனால் அப்புவிடம் கெஞ்சி ஒரு கறுப்புக் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

தோட்டத்துக்குக் கீழே ஒரு தேத்தண்ணிக் கடை. மாமா உள்ளே ரொட்டி தின்றுகொண்டிருக்க, நான் பின்னால் ஓடையோரம் உட்கார்ந்து, கடைக்காரரிடம் கொஞ்சம் வெந்நீர் வாங்கி, துரை மாதிரியே மழித்தேன். துரை மாதிரியே ஓடைத்தண்ணீரை அள்ளி அறைந்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். மாமா என் காய்ந்த தலையைப் பார்த்தார்.

"டேய், மழிச்சியே, முழுகலையா?"

"தொரை முழுகுறாரா மாமா?"

"தொரை பொண்ணு பாக்கவா போறாரு? தல முழுகாம ஒரு வீட்டுக்குள்ள போவலாமாடா?"

நம்மவருக்குத் தெரியாதது இல்லை: மழித்த உடம்பு தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசப்படி தாண்டக் கூடாது. எனக்கும் தெரியும். ஆனால் காலம் மாறிவிட்டது என்று மாமாவுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அவர், "ஒன் தலையெழுத்து" என்று நடக்க ஆரம்பித்தார்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாததால் லயமே வாசலில் நின்றது. பெண்ணின் அம்மா கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தவர், நீட்டிய கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தாடையில் புது வெட்டு. காதடியில் காய்ந்த சோப்பு. தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அண்ணே, மாப்பிள்ள எங்க மழிச்சாரு?" என்று மாமாவைக் கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். அவர் பார்த்த தரையை நானும் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் வாயைத் திறந்தேன். துரைமார் வழக்கம், தோலின் ஓட்டை, வெந்நீர், பச்சைத்தண்ணீர் எல்லாவற்றையும் அப்பு சொன்னதற்கு மேலேயே விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ஓட்டையெல்லாம் மூடிக்கிச்சா தம்பி?"

"ஆமாங்க."

"அப்ப தீட்டும் உள்ளயே மாட்டிக்கிச்சே. இப்ப அத எப்புடி வெளிய எடுக்குறது?"

லயம் முழுக்கச் சிரித்தது.

கங்காணியார் சிரிக்கவில்லை. முழுகிவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார். மழித்த பிறகு உடம்பில் பட்ட துணியும் முழுக வேண்டும் என்றார் அந்த அம்மா. ஆக, அப்புவின் கோட்டும் முழுகியாக வேண்டும். உள்ளே அடுப்பில் வெந்நீர் இருக்கிறது, பாக்கியத்தை விளாவித் தரச் சொல்கிறேன் என்றும் சொன்னார். பாக்கியம் என்பதுதான் பெண். அவள் உள்ளேதான் இருக்கிறாள், காது கேட்கும் என்பது எனக்கு அந்த நேரத்தில்தானா நினைவு வர வேண்டும்?

"வெந்நியெல்லாம் நமக்குப் பழக்கமில்லீங்க. பச்சத்தண்ணிதான்" என்றேன், அடுத்த தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி.

கொஸ்லந்தையில் நான் குளித்த பீலி வேறு. மலையிலிருந்து மூங்கிலில் இறங்கிவரும் தண்ணீர் என்றாலும் அது வெயில் பார்த்த தண்ணீர். இந்தப் பீலித் தண்ணீர் வெயில் என்ற சொல்லையே கேட்டிராதது. குடம் நிரப்ப வந்த பெண்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க, தலையைக் கொடுத்தேன். யாரோ கட்டையால் உச்சியில் அடித்தது போலிருந்தது. என் முன்னோர் ராமநாதபுரத்திலிருந்து எதற்காக இந்த மலை ஏறினார்கள் என்று முதல் தடவையாக யோசித்தேன். மூன்று குடம் அளவுக்காவது ஊற்ற வேண்டும் என்று மாமா கரையிலிருந்து எண்ணினார். அந்த மனுஷன் இரண்டை இரண்டு தடவை எண்ணினார்.

கங்காணியாரின் வேட்டியைச் சுற்றி, அவருடைய கம்பளியைப் போர்த்தி, என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கங்காணியார் எதிரே உட்கார்ந்தார். பேர் என்ன தம்பி என்றார். என் பற்கள் தாளம் போட்டன. பேர் வரவில்லை. மாமா சொன்னார். பங்களாவில் என்ன வேலை என்றார். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்: சாவிக்கொத்து என்னிடம், துரை என்னைக் கேட்காமல் சாப்பிட மாட்டார் என்று. வாயைத் திறந்தால் 'ட்ட்ட்ட்' என்றுதான் வந்தது.

"தண்ணி காய்ச்சுற வேலைங்க" என்றார் மாமா. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

முடிந்தது, நமக்கும் தேத்தண்ணிதான் என்று நினைத்தேன். பாக்கியம் இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். என் கை நடுங்கிய நடுக்கத்தில் பாதி கம்பளிக்குப் போனது. கங்காணியார் மாமாவிடம் திரும்பினார்.

"பங்களாவுல இருக்குற பயலுக எல்லாம் தொரைக்கு மேல பேசுவானுங்க. வாசல்ல என்னமோ பேசுனாலும், பங்களாவப் பத்திக் கேட்டா இந்தப் புள்ள வாயே தொறக்கல. அடக்கம். எனக்கு அது போதும்."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. வாயை அடக்கி நான் ஜெயித்த ஒரே வியாபாரம்.

கல்யாணமான முதல் வாரமே பாக்கியத்திடம், பார்த்தாயா உன் அப்பா என்னை எப்படி எடை போட்டார் என்றேன்.

"அடக்கமாவது. வெந்நி வேணாம்னு நீங்க கத்துனது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

"பின்ன எதுக்குச் சம்மதிச்ச?"

"அத்தன பேரு சிரிச்சாங்க. வேற ஆளா இருந்தா கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க. நீங்க போயி முழுகிட்டு வந்தீங்களே."

(நான் திரும்பிப் போகாததற்குக் காரணம், அப்புவின் கோட்டு அவர்கள் வீட்டுக் கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு எந்த முகத்தோடு பங்களாவுக்குப் போவது? இதை அவளிடம் நான் சொன்னதில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நான் பேச்சில் கொஞ்சம் மேலே ஏறினால் யாரும் என்னைத் தடுப்பதில்லை. பாக்கியம் எழுந்துபோய் ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் கொண்டு வந்து என் முன்னால் வைப்பாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையனிடம், பதுளையில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது, ரயிலே என் சரக்கு மூட்டைக்காகக் காத்து நிற்கும் என்று தொடங்கினேன். பாக்கியத்தின் செம்பு வந்தது. பேத்தி உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. நான் பாதியில் நிறுத்தினேன். பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தனக்குத்தான் வைத்தார்கள் போலிருக்கிறது என்று செம்பை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் குடித்து முடித்தான்.

நல்ல அடக்கமான பையன். சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.