நாலு ஜீபிக்கு மேல் ஏறாது

எஸ்ரன் எழுந்தான். கேத்தலை அடுப்பில் வைத்தான். மடிக்கணினியின் ஸ்பீக்கர் பழுதாகியிருந்தது. இயர்ஃபோனைச் செருகி, தன் கல்யாண வீடியோவின் கடைசிப் பகுதியைப் பார்த்தான். அதில் மண்டபத்தின் தரை மட்டும் தெரியும். கமராக்காரர் நிறுத்த மறந்து, கமராவைக் கதிரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். தரையைப் பார்த்து முடித்துப் பல் துலக்கினான். பிளேன்டீ குடித்தான். மனைவி அனற் இறந்து ஒரு வருடம்.

அன்று பன்விலத் தோட்டத்து லய வரிசையில், அனற்றின் தாய் வீட்டில் வருட ஜெபம். மாமி மார்கிரட் முதல் நாளே ஒரு பென் டிரைவைக் கொடுத்தனுப்பி, போனிலும் சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ள, கல்யாண வீடியோவ அதுல போட்டுட்டு வாங்க. எம் புள்ள குரல டீவியில ஒருக்கா கேக்கணும்."

வீடியோ ஏறவில்லை. கோப்பு மிகப் பெரியது என்றது கணினி. பென் டிரைவோ முக்கால்வாசி காலி.

டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் மஹ்மூத் பார்த்தவுடன் சிரித்தார்.

"இது பழைய ஃபார்மட் தம்பி. எத்தன ஃபைலும் போடலாம். ஆனா ஒரு ஃபைல் நாலு ஜீபிக்கு மேல ஏறாது. உங்கட கல்யாணம் ஆறு ஜீபி."

"மாத்த ஏலுமா?"

"ஏலும். உள்ள இருக்கிறதெல்லாம் அழியும். பரவாயில்லயா?"

எஸ்ரன் வழக்கம்போலப் பேசாமல் நின்றான். மஹ்மூத் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பன்விலவில் மாமி கேக் தட்டோடு வாசலுக்கே வந்தார்.

"எடுங்க. கல்யாணத்துக்கு நான் அடிச்ச அதே கேக்."

"வேணாம் மாமி."

"என்னைக்குத்தான் வேணும்னிருக்கீங்க!"

மாமியின் டீவிக்குப் புது ஃபார்மட் தெரியவில்லை. ஜெபத்துக்காகச் சேர்த்து வைத்த பாட்டுகளும் அழிந்திருந்தன.

"மாதா பாட்டையே அழிச்சிட்டு வந்திருக்கானே!" என்றார் அனற்றின் பெரியப்பா அன்ரனி.

எஸ்ரன் கொண்டுவந்த மடிக்கணினியில் பென் டிரைவைப் பழைய ஃபார்மட்டுக்கே மாற்றி, வீடியோவை இரண்டாக வெட்டினான். முதல் துண்டு சினிமாப் பாட்டோடு ஓடியது. கோயிலில் சாமியார் குனிந்து அனற்றிடம் சம்மதம் கேட்டார். அனற் வாயைத் திறந்தாள். துண்டு முடிந்தது.

"அப்ப புள்ள சம்மதம் சொல்லலயா?" என்றார் அன்ரனி.

"சொன்னா பெரியப்பா. மத்தத் துண்டுல இருக்கு."

மற்றத் துண்டும் நாலு ஜீபியைத் தாண்டியிருந்தது. ஏறவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எஸ்ரனின் மோதிரத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"இன்னொரு துண்டு போடவா?" என்றான் எஸ்ரன்.

"கல்யாணத்தத் துண்டு துண்டா வெட்டாதீங்க மாப்பிள்ள, ஆகாது," என்றார் மாமி. "ஒரே துண்டாப் போடுங்க. வேண்டாதத எடுத்துருங்க."

எல்லோரும் மடிக்கணினியைச் சுற்றிக் குந்தினார்கள். பெரியப்பா ஆடியதை எடுக்கப் பெரியப்பா விடவில்லை. கேக் வெட்டியதை எடுக்க மாமி விடவில்லை.

"இது என்னடா, தர!" என்றார் அன்ரனி. "இத வெட்டு."

"முடியாது," என்றான் எஸ்ரன்.

"அப்பிடி என்ன இருக்கு இதுல?"

"மத்ததுல பூரா பாட்டுப் போட்டு மூடிட்டாங்க. அனற் பேசுறது இதுல மட்டும்தான் கேக்கும்."



"அப்ப மத்தத வெட்டுங்க," என்றார் மாமி.

எஸ்ரன் கோயிலை வெட்டினான். மோதிரத்தை, பெரியப்பாவை, கேக்கை, தன்னையும் வெட்டினான். தரை ஒரு ஜீபிகூட இல்லை. உடனே ஏறியது.

அவன் இயர்ஃபோனை நீட்டினான். "மாமி, மொதல்ல நீங்க மட்டும் கேட்டா..."

"எனக்கு மட்டுமா? லயமே கேக்கணும். சத்தத்தக் கூட்டுங்க."

கூட்டினான்.

தரை வந்தது. பெரியப்பா கண்ணைத் துடைத்தார். மாமி ஜெபமாலையை இறுகப் பிடித்திருந்தார். திரையில் இரண்டு கதிரைக் கால்கள், வெள்ளைக் கவுனின் ஓரம். வெள்ளைக் கையுறை போட்ட கை ஒன்று இறங்கி, ஒரு துண்டுக் கேக்கைத் தரையில் வைத்தது. செம்பட்டை நாய் ஒன்று வந்து முகர்ந்தது. யோசித்தது. திரும்பிப் போனது.

சிரிப்போடு அனற்றின் குரல் லயம் முழுக்கக் கேட்டது.

"பாத்தீங்களா, நாயும் வேணாங்குது! அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."