மந்தி அங்காயிக்குக் கிடைத்த மரியாதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ஆண்டு வந்தது. நல்ல சிங்கம். யாரையும் அடித்துத் தின்பதற்கு முன்னால் ‘நீங்கள்’ என்று மரியாதையாகக் கூப்பிடும்.

அந்தக் காட்டில் அங்காயி என்றொரு மந்தி இருந்தாள். மரம் ஏறினால்தான் மந்திக்குச் சாப்பாடு. அங்காயிக்கோ முடக்குவாதம் வந்து விரல், முழங்கால், தோள் என்று மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டது. விடிந்து எழுந்தால் விரல் மடங்காது, கிளையைப் பற்ற முடியாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். மதியத்துக்கு மேல் அவளைப் பார்த்தால், உடம்புக்கு ஒன்றுமே இல்லை என்று யாரும் சத்தியம் செய்யலாம். பலரும் செய்தார்கள்.

மற்றக் குரங்குகள் மேலேயிருந்து தின்று போட்ட மிச்சத்தைப் பொறுக்கித் தின்று நாளை ஓட்டினாள். கோடை நெருங்கிக்கொண்டிருந்தது. கோடையில் எந்தக் குரங்கும் மிச்சம் போடாது.

முன்பெல்லாம் அந்தக் காட்டில் நொண்டி, முடம், குருடு என்றுதான் பேச்சு. நடக்க முடியாததும் பறக்க முடியாததும் பார்க்க முடியாததும் சேர்ந்து ஒருமுறை ஊர்வலம் போயின. மரத்தடிக்கே மாதம் ஒரு கூடை பழம் வேண்டும் என்பது கோரிக்கை. முன்வரிசையில் போனவள் அங்காயி. சிங்கம் குகையை விட்டு இறங்கி வந்து கண்ணீர் விட்டது.

“உங்களையா இப்படி இழிவாகக் கூப்பிடுகிறார்கள்? இன்று முதல் நீங்கள் எல்லோரும் மாற்றுத்திறனாளிகள்!” என்று கர்ஜித்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். மடங்காத விரலோடு அங்காயியும் தட்டினாள். பாதி வழி திரும்பிய பிறகுதான் பழத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கேட்டது பழம். கிடைத்தது பெயர்.

அப்புறம் அடுத்த காட்டில் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரோஷத்தில் சிங்கம் கூடையையும் அறிவித்தது. அங்காயி மனுக் கொடுக்கக் கிளம்பினாள். கூட வந்தவர் ஆமை மாசிலாமணி. காட்டில் நடந்த எல்லா ஊர்வலத்துக்கும் புறப்பட்டவர் அவர். ஒன்றுக்கும் அது கலைவதற்குள் போய்ச் சேர்ந்ததில்லை. அதனால் ஒருமுறைகூட அடி வாங்காத பழைய போராளி.

அலுவலகம் என்பது ஒரு கரையான் புற்று. அதன் ஓட்டைக்குப் பின்னால் கீரி குமாஸ்தா உட்கார்ந்திருந்தது. விடியற்காலையில் வரிசையில் நின்றவளை அது உச்சிவெயிலில் கூப்பிட்டது.

“என்னம்மா நோய்?”

“முடக்குவாதம் ஐயா.”

“எப்பச் சரியாகும்?”

“சரியாகாதாம்.”

“சரியாகாத நோய்க்கு எதுக்கும்மா நிவாரணம்? நிவாரணம்னாலே சரியாகிறதுதானே?” என்று கேட்டுவிட்டு, கீரி அவளை மருத்துவக் குழுவிடம் அனுப்பியது. மருத்துவக் குழு என்பது ஒரே ஒரு கொக்கு. ஒற்றைக்காலில் நிற்பதைக் காரணம் காட்டி, திட்டத்தின் முதல் கூடையை வாங்கிக்கொண்டிருப்பதும் அதுதான்.

“கையை மூடு” என்றது கொக்கு. மூடினாள். “திற.” திறந்தாள்.

“நல்லாத்தானே மடங்குது?”

“காலையில மடங்காது டாக்டர். காலையில வந்து பாருங்க.”

“காலையில நான் மீன் பிடிக்கப் போயிடுவேன். நோய் இருக்கிறவங்கதான் டாக்டர் இருக்கிற நேரத்துக்கு அதைக் கூட்டிட்டு வரணும்.”

அங்காயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. “நான் பிச்சை கேட்டு வரல. என்னால மரம் ஏற முடியல. அதுக்குத்தான் இந்தக் கூடை” என்றாள்.

கீரி பெருமூச்சு விட்டது. “இங்கதாம்மா தப்புப் பண்றீங்க. முடியலன்னு சொல்றது பழைய பேச்சு. முடியாதவங்களுக்கான துறையை மூடியாச்சு. இது மாற்றுத்திறனாளிகள் துறை. மாற்றுத் திறன் இருக்கணும். வௌவாலுக்குக் கண்ணு தெரியாது, காதால பாக்குது. நத்தைக்குக் காலில்ல, வயித்தால நடக்குது. உங்ககிட்ட என்ன இருக்கு?”

“வலி இருக்கு.”

“அது திறன் இல்லம்மா.”

அந்த நேரம் பார்த்து அங்காயியின் இடது முழங்கால் சுரீர் என்று இழுத்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். “ஐயா, மழை வருது. உள்ள போங்க” என்றாள்.

கீரி சிரித்தது. கொக்கும் காலை மாற்றி வைத்துச் சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. புற்றுக்குள் தண்ணீர் புகுந்து கீரி வாலோடு மிதந்தது. “இதுதாம்மா மாற்றுத்திறன்! முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று மிதந்தபடியே பாராட்டியது.

மறுநாள் மாலை போட்டார்கள். காட்டின் மழையறிவிப்பாளர் என்று பதவி கொடுத்தார்கள். தினமும் விடியும் நேரத்தில் காட்டிலேயே உயரமான முள்ளிலவ மரத்தின் உச்சியில் நின்று அவள் அறிவிக்க வேண்டும்.

“அங்க ஏற முடியலன்னுதானே மனுவே கொடுத்தேன்!” என்றாள் அங்காயி.

“அது உங்க பழைய திறன் சம்பந்தப்பட்டது. நாங்க புதுத் திறனைப் பத்திப் பேசறோம்” என்றது கீரி.

“கூடை?”

“வேலையில இருக்கிறவங்களுக்குக் கூடை கிடையாது.”

“அப்ப சம்பளம்?”

“கௌரவப் பதவிம்மா. கௌரவம்தான் சம்பளம்.”

முந்தின நாள் மதியமே, மூட்டு இளகியிருக்கும்போதே ஏறத் தொடங்கினால்தான் விடிவதற்குள் உச்சிக்குப் போக முடிந்தது. அடிமரமெல்லாம் முள். ஒரு பழமும் காய்க்காத மரம். அறிவித்துவிட்டு இறங்கி வந்தால் மற்றவர்கள் போட்ட மிச்சத்தை எறும்பு முடித்திருக்கும். கௌரவம் கூடக்கூட அங்காயி இளைத்துப்போனாள்.

“இந்த வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்திடு” என்றார் மாசிலாமணி, மரத்தடியில் நின்றுகொண்டு.

“கேட்டுட்டேன் அண்ணே. தானா விலகினா உழைக்க மனமில்லாதவளாம். அப்பவும் கூடை கிடையாது.”

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு யோசித்தது. பிறகு வெளியே நீட்டியது. “அப்ப நீ விலகாதே. அவங்க துரத்தணும். அதுவும் ராஜா வாயாலேயே துரத்தணும். அந்த வாயிலிருந்து எது வந்தாலும் அரசாணை.”

“நான் என்ன அண்ணே பண்ணணும்?”

“உன் வேலையை மோசமாச் செய்யணும். அரசாங்கத்துல அது ஒண்ணும் கஷ்டமில்ல.”

சிங்கத்தின் ஆட்சியாண்டு விழா வந்தது. பொட்டல்வெளியில் மேடை. பிடரிக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, சூரியனைப் போல விரித்துவிட்டிருந்தார்கள். பந்தல் போடலாமா என்று கீரி வந்து மரத்தடியில் நின்று கேட்டது.

உச்சியில் அங்காயியின் ஒவ்வொரு மூட்டும் தீயாக எரிந்தது. இத்தனை வலி அவள் பார்த்ததில்லை. அப்படியானால் எத்தனை பெரிய மழை என்பதும் தெரியும். இவ்வளவு நாளும் அவள் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை, அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையை ஒரு முறை பார்த்தாள். வயிற்றையும் ஒரு முறை பார்த்தாள்.

“ஒரு பொட்டுத் தண்ணி விழாது” என்று உரக்க அறிவித்தாள்.

சிங்கம் “என் அன்பான மாற்றுத்திறனாளிகளே” என்று ஆரம்பித்ததும் வானம் உடைந்தது. பிடரி நனைந்து முகத்தில் ஒட்டியது. அதற்குள்ளே இருந்த தலை எவ்வளவு சின்னது என்பதைக் காடு முதல்முறையாகப் பார்த்தது. யாரோ ஒரு முயல் சிரித்துவிட்டது.

“எங்கே அந்தக் குரங்கு?” என்று சிங்கம் அலறியது. ‘நீங்கள்’ போய்விட்டது, கண்ணீரும் போய்விட்டது. “எதற்கும் லாயக்கில்லாதவள்! மரத்தில் ஏறி நிற்கக்கூட வக்கில்லாத முடம்! உன்னால் எதுவுமே முடியாது!”

மாசிலாமணி அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்துக்கு நேரத்துக்கு வந்திருந்தார். எல்லோருக்கும் முன்பாகப் புறப்பட்டு மேடையடியில் படுத்திருந்தவர், ஓட்டிலிருந்து கழுத்தை நீட்டிக் கத்தினார்: “காட்டுப் பிரஜைகளே, கேட்டுக்கொள்ளுங்கள்! எதுவுமே முடியாதாம்! நூறு சதவீதம்! மகாராஜாவே சொல்லிவிட்டார்!”

கூட்டம் கைதட்டியது. மகாராஜா எதையோ அருளியிருக்கிறார் என்று நினைத்துத் தட்டியது.

கீரி ஓடி வந்தது. “கோபத்துல சொன்னதுங்க, அதெல்லாம் செல்லாது.”

“அப்படியா? ராஜா கோபத்துல சொன்னா செல்லாதுன்னு நீயே மேடையேறி அவர்கிட்டச் சொல்லிடு, தம்பி” என்றார் மாசிலாமணி.

கீரி மேடையைப் பார்த்தது. ஈரப் பிடரியையும் அதற்குக் கீழே தெரிந்த பற்களையும் பார்த்தது. அங்காயியின் பேரைக் கூடைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டது.

கோடை தொடங்கிய அன்று கூடை வந்தது. கொண்டுவந்த கீரி விதிமுறைப்படி மரத்தடியில் நின்று உரக்கக் கூவியது: “எதற்கும் லாயக்கில்லாதவள் அங்காயி! கூடை!”

காடு முழுக்கக் கேட்டது. தாழ்ந்த கிளையின் இலைமறைவில் உட்கார்ந்திருந்த அங்காயிக்கும் கேட்டது. இந்த மாதிரிப் பேச்சு ஒழிந்தது என்றுதான் அவள் அன்றைக்கு மடங்காத விரலோடு கைதட்டினாள். அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வந்தாள். ஒரு அத்திப்பழத்தைக் கடித்தாள். இனித்தது.

“கேவலமா இல்லையா?” என்று மேலேயிருந்து ஒரு இளங்குரங்கு கேட்டது.

“வாயில பழம் இருக்கும்போது பேசக் கூடாது” என்றாள் அங்காயி.

பெயர் போயிற்று. பழம் வந்தது.

இப்போது தினமும் காலையில் சிங்கத்தின் குகை வாசலில், நடக்க முடியாததும் பறக்க முடியாததுமாக நீண்ட வரிசை நிற்கிறது. ஒரே ஒரு திட்டு வாங்கிப் போக வந்தவர்கள். பிரஜைகளுக்குத் தன் மேல் எவ்வளவு அன்பு என்று பூரித்துப்போய், சிங்கம் ஒவ்வொருவரையும் ‘நீங்கள்’ என்று கூப்பிட்டு, வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறது.

நீதி: அரசாங்கம் உங்களை மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். சாப்பிட வேண்டுமென்றால், எப்பாடுபட்டாவது அதன் வாயால் ஒரு கெட்ட வார்த்தை வாங்குங்கள், சாட்சியோடு.