டோக்கன் அக்கா எழுந்து நடந்த கதை

ஆம்பூர் வட்டாரத்தில் நாற்பது பெண்களின் சிறுநீர்ப்பையை ஒரே ஒரு மரத்துண்டால் ஆண்டவர் எங்கள் டோக்கன் அக்கா. ஷூவின் மேல்பாகம் தைக்கும் எங்கள் லைனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். மெஷினை விட்டு எழுந்து பாத்ரூம் போக, டோக்கன் என்று நாங்கள் சொல்லும், சிவப்பு பெயின்ட் அடித்த அந்தத் துண்டை அவர் கையால் வாங்க வேண்டும். லைனுக்கு ஒன்றுதான். போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம்.

"அக்கா, அவசரம்."

"காலைல இன்னா குடிச்ச?"

"டீ."

"எத்தினி?"

"ரெண்டு."

"ரெண்டாவது டீய யாரு குடிக்கச் சொன்னா? இரு, அவ வரட்டும்."

டிப்ளமோ முடித்து ட்ரெய்னியாகச் சேர்ந்த முதல் வாரமே எனக்கும் இந்த விசாரணை நடந்தது. ஆனால் அக்கா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலையில் கம்பெனி பஸ் வந்து நின்றதிலிருந்து மாலையில் கிளம்பும்வரை லைனின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். சாப்பாட்டு டப்பாவைக்கூட நின்றபடியே காலி செய்வார்.

பிறகு அவருக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ என்று ஏறக்குறைய ஒரு வருஷம் போனது. கொட்டிய முடி குட்டையாக முளைத்துத் திரும்பி வந்தவரை, நிர்வாகம் இரக்கப்பட்டு, தைத்து முடிந்த பீஸ்களைச் சரிபார்க்கும் லைன் முனைச் சோதனை மேஜையில் உட்கார வைத்தது. மெத்தை போட்ட நாற்காலி. டோக்கனும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. வீட்டிலும் அதே கவனிப்பு. மகள் துடைப்பத்தைத் தொட விடுவதில்லை, தண்ணீர்ச் சொம்பு அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வந்துவிடும்.

டாக்டர் சொன்னதோ வேறு. நோயை விரட்டிய மருந்து இதயத்தையும் களைக்க வைத்திருக்கிறது. மாத்திரை மட்டும் போதாது, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது, அரைமணிக்கு ஒருதரம் எழுந்து கொஞ்சம் நடக்க வேண்டும்.

அக்கா எழவில்லை. காரணம், எப்போது பார்த்தாலும் டோக்கன் யாரோடாவது வெளியே போயிருந்தது.

"டோக்கன் குடுக்கிறதே நீங்கதான். உங்களுக்கு எதுக்குக்கா டோக்கன்?"

"இந்த மேஜையும் லைன்லதான இருக்குது பாப்பா? நான் எழுந்தா பீஸ் தேங்கிடும்."

நான் சும்மா இருக்கிற ரகம் இல்லை. மறுநாளே இரண்டாவது டோக்கன் ஒன்றை அறுத்து, பெயின்ட் அடித்து நீட்டினேன். அதை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். "ஒரே நேரத்துல ரெண்டு பேரு எழுந்தா லைன் பேஜாராய்டும்."

ஒருநாள் டோக்கன் கைமாறிக்கொண்டே இருந்ததில், அக்கா காலையிலிருந்து சாப்பாட்டு பெல்வரை எழவே இல்லை. பெல் அடித்து எழுந்தவர், சோளிங்கர் மலையை மூச்சுவிடாமல் ஏறியவர்போல இரைத்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். வீங்கிய கால் செருப்புக்குள் போகவில்லை. முதல் மெஷினில் தைக்கும் சபீரா தண்ணீரோடு ஓடினாள்.

"இன்னாடி பாக்கிறீங்க? போய்ச் சாப்பிடுங்க," என்றார். குரல் எழும்பவில்லை.

மறுநாளிலிருந்து டோக்கனை யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"ஒருத்திக்குமா வரல?"

எல்லோரும் குனிந்து தைத்தார்கள். சபீராதான் சொன்னாள். "எங்களுக்கு வேணாம்க்கா. நீங்க எழுந்து நடங்க."

அக்கா கையிலிருந்த பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "மூத்திரத்த அடக்கி என் நெஞ்ச காப்பாத்தப் போறீங்களாடி?" என்றார். திட்டுவதற்காகத்தான் ஆரம்பித்தார். கடைசி வார்த்தை உடைந்துவிட்டது.

டோக்கனை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், இது இனிமே வேணாம். இத்தினி வருஷம் நான்தான் வெச்சிருந்தேன், நானே சொல்றேன். யாருக்கு எப்ப எழுந்திருக்கணுமோ எழுந்திருக்கட்டும். பீஸு கம்மியானா என்னைய கேளுங்க."

மேனேஜர் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வாரம் பாப்போம்."

முதல் நாள் பீஸ் குறைந்தது. வாரக் கடைசியில் சரியானது. அதற்குப் பிறகு மேனேஜர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போன மாதம் எடுத்த ஸ்கேனில் அக்காவின் இதயம் இருந்தபடியே இருக்கிறதாம். தேறவில்லை, ஆனால் மோசமாகவும் இல்லை. இதே மாதிரி நடங்க என்றாராம் டாக்டர்.

இப்போதெல்லாம் அரைமணிக்கு ஒருதரம் நான் எழுந்து அவர் மேஜையைக் கடந்து போகிறேன்.

"எங்க பாப்பா போற?"

"சும்மா, அந்தப் பக்கம்தான்க்கா."

"இரு, நானும் வர்றேன்."

அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அது அக்காவுக்கும் தெரியும்.